ஒரு நாள் முன்னாடி

“பிள்ளை சட்டையைக் கழட்டும்மா,” என்று நாத்தனார் சொன்னதும் டீச்சர் தயங்கினாள். பிள்ளைக்கு உடம்பு சில்லென்று இருக்கிறதே என்று வீட்டிலிருந்து துணிமேல் துணியாகச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாகக் கழற்றச் சொன்னால் எப்படி என்பதுபோலக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“கழட்டு. அக்கா சொல்றாங்கள்ல,” என்றான் தம்பி.

டீச்சர் என்பது வீட்டில் விழுந்த பெயர். மழலையர் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். கல்யாணமான மறுவாரமே என்னைக் கைகட்டி உட்கார வைத்துவிட்டாள் என்று தம்பிதான் அந்தப் பெயரை வைத்தான். அவன் யாரையும் விட்டுவைத்ததில்லை. “எங்க அக்கா ஆளைப் பாத்தா முகத்தைப் பாக்காது, நெஞ்சைத்தான் பாக்கும். ஒழுங்கா ஏறி இறங்கினாத்தான் வாங்கன்னு கூப்பிடும்,” என்பான். பிறந்த பிள்ளைக்கும் இன்னும் பெயர் வைத்தபாடில்லை. ஸ்கேனில் புள்ளியாகத் தெரிந்த நாளிலிருந்து பட்டாணி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

பட்டாணி இப்போது மேசையின்மேல், உடம்பில் துணியில்லாமல், விளக்குக்குக் கீழே கிடந்தான்.

குழந்தைகள் அவசரப் பிரிவின் வாசலில் இருக்கும் அந்த மேசை அக்காவுடையது. மூச்சு முட்டி வரும் எந்தக் குழந்தையும் முதலில் அவள் கண்ணில் பட்டுத்தான் உள்ளே போகும். எந்தப் பிள்ளையை உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும், எது கொஞ்சம் உட்காரலாம் என்பது அவள் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், தொடாதே என்பது. தொட்டால் பிள்ளை அழும், அழுதால் மூச்சு மாறிவிடும். முதலில் பார். மூக்குத் துவாரம் விரிகிறதா, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறதா, மூச்சை விடும்போது முனகுகிறதா என்று பார்.

பட்டாணியிடம் அவற்றில் ஒன்றுகூட இல்லை. முனகவில்லை. நெஞ்சுக்குழி உள்ளே போகவில்லை. எங்கேயோ ஓடிவிட்டு வந்தவன்போல வேகவேகமாக, அமைதியாக, மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கண் திறந்திருந்தது. அழவேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை.

சத்தம் போட்டுத் திணறுகிற பிள்ளையைப் பார்த்து அவள் பதறியதில்லை. இந்த மாதிரிப் பிள்ளையைத்தான் அவள் முதலில் தூக்குவாள்.

கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். பச்சைக் குழந்தையின் மூச்சு ஒரே சீராக வராது. கொஞ்சம் ஓடும், கொஞ்சம் நிற்கும். அதனால் முழு நிமிஷமும் எண்ண வேண்டும், பாதியில் நிறுத்திப் பெருக்கக்கூடாது. அந்த ஒரு நிமிஷம் தம்பி ஏதோ கேட்டான்; அவள் காதில் வாங்கவில்லை. எண்ணி முடித்ததும் பிள்ளையின் நெஞ்சில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். வெளுத்த இடம் சிவக்க மனமில்லாததுபோல அப்படியே இருந்தது. தொடை இடுக்கில் இரண்டு விரலை வைத்து நாடி தேடினாள். ஒரு பக்கம் கிடைக்கவில்லை. மறுபக்கமும் கிடைக்கவில்லை.

“பால் குடிக்கிறானா?”

“ரெண்டு இழுப்பு இழுக்கறான், அப்புறம் விட்டுடறான் அண்ணி. பால் குடிக்கறப்ப வேர்த்துக் கொட்டுது. வெயிலுக்குன்னு நெனச்சேன்.”

“எப்பலேர்ந்து?”

டீச்சர் மறுபடியும் கணவனைப் பார்த்தாள். அவன் பிள்ளையின் காலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளக்கும் கருவியின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். “முந்தாநாள்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா. மூச்சு இப்படி வாங்கறது நேத்து சாயங்காலம்தான்,” என்றாள்.

பிள்ளையின் மூக்கருகே ஆக்ஸிஜனை வைத்துவிட்டு அவளும் அந்த எண்ணைப் பார்த்தாள். நுரையீரலில் கோளாறு என்றால் அது கொஞ்சமாவது ஏற வேண்டும். ஏறவில்லை. சளியில்லை, நிமோனியாவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது என்ன என்பதும் புரிந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள். ஓடவில்லை. நர்ஸ் ஓடினால் பின்னால் வருகிறவர்களுக்கு உயிர் போய்விடும்.

உள்ளே இருந்த டாக்டருக்கு வார்டில் மௌன விரதம் என்று பெயர். கேட்டால் தலையாட்டுவார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அவரிடம் மூச்சு எத்தனை, தோல் சிவக்க எவ்வளவு நேரமாகிறது, தொடையில் நாடி இல்லை, ஆக்ஸிஜனுக்கு அசையவில்லை என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியாக, “என் தம்பி பிள்ளை,” என்றாள். டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடி அவள் குனிந்தபோது பெரிய சிஸ்டர் தோளைத் தொட்டாள்.

“நீ வெளிய போ.”

“ஆள் குறைவா இருக்கு சிஸ்டர்.”

“நான் இருக்கேன்ல. உன் வீட்டுப் பிள்ளைக்கு நீ ஊசி குத்தக்கூடாது. போ.”

அவள் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கதவுக்கு வெளியே அவள் நின்றதே இல்லை. அங்கே சுவரோரமாக இருந்த பெஞ்சில் ஒரு கால் ஆடும் என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் பிரசவத்தைப் பற்றிக் கேட்பதற்காக டீச்சரை உள்ளேயே இருத்திக்கொண்டார். தம்பி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். காலையில் வேலைக்குக் கிளம்பியவன் அப்படியே வந்திருந்தான், கம்பெனிச் சட்டையோடு. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ் அவன் நகக்கண்ணில் இருந்தது.

“சளிதானேக்கா?”

“இல்லடா. நெஞ்சுல, உள்ள, ஏதோ கோளாறு. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்.”

“சரியாப் போயிடுமா?”

இந்தக் கேள்விக்கு அவளிடம் தயாராக ஒரு பதில் உண்டு. டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு, கொஞ்சம் பொறுங்க என்பாள். தம்பியிடம் அது வாயில் வரவில்லை.

அவனே மறுபடி பேசினான். “நேத்தே அவ சொன்னா. மூச்சு ஒரு மாதிரி இருக்கு, அண்ணிக்கு போன் போடுங்கன்னு. நான்தான் வேணாம்னேன்.”

“ஏன்?”

“நீ ரெண்டு ஷிஃப்ட் சேத்து பாத்துட்டு அப்பதான் வீட்டுக்குப் போயிருந்த. தூங்கட்டும்னு விட்டுட்டேன். எழுப்பினா நீ பஸ் பிடிச்சு ஓடி வந்துடுவ. காலையில சொல்லிக்கலாம்னு பாத்தேன்.”

அவள் அவன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று சாயங்காலம் அவள் தூங்கவில்லை. துணி துவைத்துக் காயப்போட்டாள். டி.வி. பார்த்தாள். போன் மேசைமேல், கைக்கெட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. இதை அவனிடம் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்று தோன்றியது.

டாக்டர் கதவைத் திறந்து இருவரையும் கூப்பிட்டார். மௌன விரதம் அன்று நிறையப் பேசினார். வயிற்றுக்குள் இருக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் இதயத்தின் பக்கத்தில் ஒரு குழாய் திறந்திருக்கும், பிறந்த சில நாளில் அது தானாக மூடிக்கொள்ளும் என்றார். “உங்க பையனுக்கு உடம்புக்குப் போற ரத்தமே அந்தக் குழாய் வழியாத்தான் போயிட்டிருந்திருக்கு. அவனுக்கு இருக்க வேண்டிய வழி சரியா அமையல. இப்ப குழாயும் மூடிக்கிச்சு. அதைத் திறக்கற மருந்து ஏத்திட்டிருக்கோம். திறந்துட்டா ஆபரேஷன் பண்ற இடத்துக்கு அனுப்பிடலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு.”

“திறக்கலைன்னா?” என்று டீச்சர் கேட்டாள். வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பதுபோல நிதானமாகவே கேட்டாள்.

டாக்டர் பழைய டாக்டரானார்.

ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மதியம் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் போய்வந்த சமயத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டாணியின் கட்டிலை நோக்கி நகர்ந்தார்கள். பெரிய சிஸ்டர் தன் இரண்டு கட்டைவிரல்களால் பிள்ளையின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். அழுத்துகிற ஆழம் சரியாக இருந்தது, வேகம் சரியாக இருந்தது. மருந்து கொடுத்த இடைவெளியும் சரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் உள்ளே இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள்.

டீச்சர் அவள் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

பெரிய சிஸ்டரின் விரல்கள் நின்றன.

டாக்டர் வெளியே வந்ததும் டீச்சர் முந்தானையை விட்டுவிட்டு உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, கூட வேலை செய்கிற ஒருத்தியிடம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொன்னார்: “மருந்து கேக்கல சிஸ்டர். லேட்டாயிடுச்சு. ஒரு நாள் முன்னாடி கிடைச்சிருந்தா திறந்திருக்கும்.” சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தார். பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, தலையை ஒரு முறை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

தம்பி சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான்.

“பிள்ளையை நான் தயார் பண்ணிக் குடுக்கறேன், நீ உட்காரு,” என்றாள் பெரிய சிஸ்டர்.

“இல்ல சிஸ்டர். இப்ப நான் பண்ணலாம்ல?”

பெரிய சிஸ்டர் திரையை இழுத்துவிட்டு விலகிக்கொண்டாள்.

அவள் வெந்நீரில் பஞ்சை நனைத்தாள். வாயில் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நனைத்து நனைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். பச்சைத் தோல், வெடுக்கென்று இழுத்தால் கூடவே வந்துவிடும். இனி எப்படி இழுத்தாலும் அவனுக்கு வலிக்கப்போவதில்லை. ஆனாலும் கை அந்த வேகத்தில்தான் வேலை செய்தது. ஊசி போட்ட இடங்களைத் துடைத்தாள். காது மடிப்பில் பழைய பால் காய்ந்திருந்தது, அதையும் துடைத்தாள். அப்படியே தம்பியின் காது. நுனியில் கொஞ்சம் மடங்கியிருக்கும். அவன் பிறந்தபோது அவள்தான் அதை நீவி நீவி நிமிர்த்தப் பார்த்தவள். அம்மா சிரித்தாள். அப்போது அவளுக்குப் பள்ளிக்கூட வயது.

சட்டையைப் போட்டு, துணியில் சுற்றி டீச்சரின் கையில் கொடுத்தாள். டீச்சர் வாங்கியதும் முதல் வேலையாகச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தாள். ஒன்று மாறிப் போட்டிருந்தது. கழற்றித் திருப்பிப் போட்டாள்.

“குல்லா எங்க அண்ணி? தலை சில்லுன்னு இருக்கு.”

அவள் மேசையில் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

வாடகைக் காரில் வீட்டுக்குப் போனார்கள். வண்டியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியில் பின்சீட்டை ஒருமுறை பார்த்தார், பாட்டை நிறுத்தினார், அதன்பிறகு எந்த வண்டியையும் முந்தாமல் ஓட்டினார்.

டீச்சரின் அம்மா வெளியூரிலிருந்து ரயிலில் கிளம்பிவிட்டாள், ஆனால் வந்து சேர மறுநாள் ஆகிவிடும். அவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டாம் என்று டீச்சரே சொல்லிவிட்டாள். தம்பியின் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெயில் தாழ்வதற்குள் போய்விட்டு வரலாம் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பாட்டைக் கொண்டுவந்து மேசையில் மூடி வைத்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

கிளம்புவதற்கு முன் தம்பி சமையலறைக்குள் வந்து கதவோரம் நின்றான்.

“அவகிட்ட சொல்லிடட்டுமாக்கா?”

“எதை?”

“டாக்டர் சொன்னதை.”

அவள் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து அவனிடம் நீட்டினாள். “குடிச்சிட்டுப் போ. காலையிலேர்ந்து ஒண்ணும் குடிக்கல நீ.”

“சொல்லாம எப்படிக்கா இருக்கறது? ஒரே வீட்ல?”

“முதல்ல போயிட்டு வா.”

அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பிறகு போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டான். டீச்சர் வாசல்வரை வந்தாள். அதற்குமேல் வர உடம்பில் தெம்பில்லை. தையல் இன்னும் ஆறியிருக்கவில்லை. “வெயில் படாம கொண்டு போங்க,” என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் பெண்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். டீச்சர் படுத்தாள், எழுந்தாள், ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். நாத்தனார் வேண்டுமென்றே ஒன்றும் கேட்கவில்லை. இவர்களுக்குள் பேச்சு எப்போதும் அளவுதான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று மாடிப்படி ஏறி வந்த பெண்ணிடம் இவள் கேட்ட முதல் கேள்வி, “மூச்சு வாங்குதே, இழுப்பு ஏதும் உண்டா?” என்பது. டீச்சர் அதை மறந்ததுமில்லை, விட்டுக்கொடுத்ததுமில்லை. எந்த வீட்டில் மாடி ஏறினாலும் நாத்தனார் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஏறுவாள்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர் அறைவாசலில் வந்து நின்றாள்.

“அண்ணி, நனைஞ்சிடுச்சு.”

ரவிக்கையின் இரண்டு பக்கமும் ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது. ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைபோல நின்றாள்.

“வலிக்குதா?”

“கல்லு மாதிரி இருக்கு.”

அவள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். துண்டு ஒன்றும் கிண்ணம் ஒன்றும் எடுத்துக்கொண்டு டீச்சரைக் குளியலறைக்குக் கூட்டிப் போனாள். முக்காலியில் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, சுடுதண்ணீரில் பிழிந்த துண்டைப் போட்டு ஒத்தடம் கொடுத்தாள். “கொஞ்சமா எடுத்துடலாம். முழுசா எடுக்கக்கூடாது, எடுக்க எடுக்க ஊறும். வலி குறையற அளவுக்கு மட்டும். அப்புறம் நாளாக ஆக தானா நின்னுடும்,” என்றாள். வார்டில் இதைச் சொல்லும் அதே குரல். வேறு குரல் அவளிடம் இல்லை.

முதலில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. பிறகு மெல்லிய கம்பியாகக் கிண்ணத்தில் விழத் தொடங்கியது. எவர்சில்வரில் படும் அந்தச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

“நேத்து நான் சொன்னேன் அண்ணி,” என்றாள் டீச்சர் சுவரைப் பார்த்தபடியே. “உங்களுக்கு போன் போடச் சொல்லி. நீங்க தூங்குவீங்கன்னார். நானும் சரின்னுட்டேன். அவனும் அப்ப தூங்கிட்டான், தூங்கறப்ப மூச்சு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அதான் நானும் மறுபடி சொல்லல.”

“ம்.”

வாசலில் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு யாரோ உள்ளே நடந்து வந்தார்கள். காலடிச் சத்தம் சமையலறைக்குப் போய், அங்கிருந்து குளியலறைப் பக்கம் வந்து, கதவுக்கு வெளியே நின்றது.

“நேத்தே வந்திருந்தா?” என்றாள் டீச்சர்.

நாத்தனாரின் கை நிற்கவில்லை.

“இல்லம்மா. நேத்து வந்திருந்தாலும் இதேதான்.”

“நிஜமாவா?”

“பிறக்கும்போதே அப்படித்தான் பிறந்திருக்கான்.”

கிண்ணத்தில் பால் விழும் சத்தம் மாறியிருந்தது. இப்போது பாலின்மேல் பால் விழுந்தது. கதவுக்கு வெளியே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“வர்ற அம்மாங்க எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா அண்ணி?”

அவள் யோசித்தாள். அந்த மேசையில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம், ஏன் இவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க என்று கேட்டிருக்கிறாள். அடுத்த தடவை உடனே தூக்கிட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறாள். ஒருத்தரிடமும் மழுப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“இல்ல,” என்றாள். “எல்லார்கிட்டயும் சொல்றதில்ல.”

டீச்சர் முக்காலியில் திரும்பி உட்கார்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்துத் தானே துடைத்துக்கொண்டு ரவிக்கையைச் சரிசெய்தாள்.

“இப்ப வலி தேவலை,” என்றாள். “அவர் வந்துட்டார் போல. சாப்பிடச் சொல்லுங்க, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

அவள் எழுவதற்குள் டீச்சரே சுவரைப் பிடித்து எழுந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். தண்ணீர் போகும் வழியைக் குனிந்து பார்த்துவிட்டுக் கொட்டாமல் நிமிர்ந்தாள். கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

“பாத்து,” என்றாள்.

தம்பி வாங்கிக்கொண்டான். முழங்கால்வரை மண் ஒட்டியிருந்தது. சமையலறைக்குப் போய் மேசையைப் பார்த்தான், அங்கே மூடி வைத்த சாப்பாடு இருந்தது. குழாயடியைப் பார்த்தான். பிறகு கிண்ணம் தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடுப்படியில் நின்றான்.